தியாகமா, கடனா? – இடம்பெயர்தல் பாடத்தில் இரு தந்தையர்

சென்ற ஆண்டு எங்கள் பள்ளியின் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, மாவட்டத் தடகளப் போட்டியின் 600 மீட்டர் ஓட்டத்துக்குத் தேர்வானாள். குறுவட்டப் போட்டியில் முதலிடம் பெற்றவள். அவளுடைய பெற்றோர் ஒடிசாவிலிருந்து எங்கள் ஊர்ப் பனியன் கம்பெனிக்கு வேலைக்கு வந்தவர்கள். மூன்றாம் வகுப்பில் சேர்ந்தபோது அவளுக்குத் தமிழில் ஒரு சொல்லும் தெரியாது. இப்போது வகுப்பில் பாடப்பகுதியை உரக்க வாசிக்க முதலில் கை தூக்குபவள் அவள்தான்.

போட்டி நாளன்று அவளுடைய அப்பா அரை ஷிப்ட் வேலையை விட்டுவிட்டு மைதானத்துக்கு வந்திருந்தார். ஓட்டம் தொடங்குவதற்கு முன் நான் அவளை அருகில் அழைத்து, "அப்பா அரை நாள் கூலிய விட்டுட்டு வந்து நிக்கிறாரு பாரு கண்ணு. அத மனசுல வச்சுக்கிட்டு ஓடு" என்றேன். ஊக்கப்படுத்துவதாகத்தான் நினைத்தேன். அவள் ஐந்தாவதாக வந்தாள். அடுத்த வாரத்திலிருந்து மாலைப் பயிற்சிக்கு வரவில்லை. உடற்கல்வி ஆசிரியர் இரண்டு முறை கேட்டும் காரணம் சொல்லவில்லை. நான் தனியாக உட்கார வைத்துக் கேட்டபோது தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "நான் ஓடினா அப்பாவுக்குக் கூலி போகுது டீச்சர்."

"உங்க அப்பா அம்மா எவ்வளவு கஷ்டப்படறாங்க தெரியுமா?" என்று எத்தனை பிள்ளைகளிடம் நான் கேட்டிருப்பேன் என்பதற்குக் கணக்கே இல்லை. நம்மில் பலரும் கேட்டிருப்போம். அந்தக் கேள்வி ஒரு பிள்ளையின் மனத்தில் எப்படி இறங்குகிறது என்பதை அன்றுதான் யோசித்தேன். அடுத்த மாதம் சமூக அறிவியலில் இடம்பெயர்தல் பாடம் வந்தது. அதை இம்முறை இரண்டு குடும்பங்களின் கதைகளோடு நடத்தினேன். நடத்திய விதத்தையும் கற்றுக்கொண்டதையும் இங்கே பகிர்கிறேன்.

முதல் குடும்பம்: லாவோசிலிருந்து மினசோட்டாவுக்கு

கரும்பலகையில் தென்கிழக்கு ஆசிய வரைபடத்தைத் தொங்கவிட்டு, லாவோசையும் அதன் எல்லையில் ஓடும் மெகாங் ஆற்றையும் கண்டுபிடிக்கச் சொன்னேன். லாவோசின் மலைச்சரிவுகளில் வேளாண்மை செய்து வாழ்ந்த இனங்களுள் ஒன்று ஹ்மாங். தமக்கென ஒரு நாடு இல்லாத மக்கள். வியட்நாம் போர்க் காலத்தில் அமெரிக்க உளவு அமைப்பு இம்மக்களுக்கு ஆயுதம் கொடுத்து, கம்யூனிஸ்ட் படைகளுக்கு எதிராகப் போரிட வைத்தது. 1975இல் லாவோசில் கம்யூனிஸ்டுகள் ஆட்சியைப் பிடித்தவுடன் ஹ்மாங் குடும்பங்கள் பழிவாங்கலுக்கு அஞ்சி ஓடின. பலர் மெகாங் ஆற்றைக் கடந்து தாய்லாந்து அகதி முகாம்களை அடைந்தார்கள். கடக்கும்போது ஆற்றிலேயே உயிரிழந்தவர்களும் உண்டு. முகாம்களிலிருந்து பல்லாயிரம் பேர் அமெரிக்காவில் குடியமர்த்தப்பட்டனர். கலிபோர்னியா, மினசோட்டா, விஸ்கான்சின் ஆகிய மாநிலங்களில் இன்று இவர்கள் அதிகமாக வாழ்கிறார்கள்.

பாடநூலில் உள்ள 'தள்ளும் காரணங்கள்', 'ஈர்க்கும் காரணங்கள்' இரண்டையும் மாணவர்களே இந்தக் கதையிலிருந்து பட்டியலிட்டார்கள். வேலை தேடி வருவதற்கும் உயிருக்கு அஞ்சி வருவதற்கும் உள்ள வேறுபாட்டை ஒரு மாணவனே எடுத்துச் சொன்னான்.

மினசோட்டாவின் செயிண்ட் பால் நகரில், லாவோசிலிருந்து வந்த ஹ்மாங் தாய்க்கு 2003இல் பிறந்தவர் சுனிசா லீ. சுருக்கமாக சுனி. அவருக்கு இரண்டு வயதாக இருக்கும்போது ஜான் லீ என்பவர் அந்தக் குடும்பத்துக்குள் வந்தார். அவரும் ஹ்மாங் இனத்தவர். பெற்ற தந்தை அல்ல, வளர்த்த தந்தை. சுனி தன் பெயரோடு சேர்த்துக்கொண்டது அவருடைய குடும்பப் பெயரைத்தான்.

வீட்டில் ஓயாமல் குதித்துக்கொண்டும் குட்டிக்கரணம் அடித்துக்கொண்டும் இருந்த சிறுமியை ஆறு வயதில் ஜிம்னாஸ்டிக்ஸ் பயிற்சி மையத்தில் சேர்த்தார்கள். அந்த விளையாட்டில் பேலன்ஸ் பீம் என்று ஒரு கருவி உண்டு. ஐந்து மீட்டர் நீளமும் பத்தே சென்டிமீட்டர் அகலமும் கொண்ட சட்டம். போட்டியில் அது தரையிலிருந்து 125 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். அதன்மேல் 90 நொடிக்குள் நடந்து, தாவி, கரணமடித்து இறங்க வேண்டும். வீட்டிலும் பழக வேண்டும் என்று சுனி விரும்பினார். அந்தக் கருவியை விலைக்கு வாங்க வசதியில்லை. ஜான் லீ தன் கையாலேயே மரத்தில் ஒரு சட்டம் செய்து வீட்டுத் தோட்டத்தில் போட்டுக் கொடுத்தார்.

இந்த இடத்தில் கதையை நிறுத்தி, "சுனி ஜெயிச்சதுக்குக் காரணம் அந்த மரச்சட்டமா?" என்று கேட்டேன். வகுப்பு முழுவதும் "ஆமாம்" என்றது. "அந்தச் சட்டம் மட்டும் போதுமா?" என்று மறுபடி கேட்டேன். யோசிக்கத் தொடங்கினார்கள். சுனிக்கு ஒரு நல்ல பயிற்சி மையம் கிடைத்தது. ஜெஸ் கிராபா என்ற பயிற்சியாளர் சிறு வயது முதல் ஒலிம்பிக் வரை கூடவே இருந்தார். தந்தையின் மரச்சட்டம் பிள்ளைக்குத் தந்தது, 'உன் ஆசையை நான் பார்த்துவிட்டேன்' என்ற செய்தியை. பயிற்சியைத் தந்தது மையம். இரண்டையும் ஒன்றாகக் குழப்பினால், எல்லாவற்றையும் பெற்றோர் தலையிலேயே ஏற்றிவிட்டு நாம் கைகட்டி நிற்போம்.

ஏணியிலிருந்து விழுந்த பிறகு

2019 ஆகஸ்டில் அமெரிக்க தேசியப் போட்டிக்கு ஓரிரு நாள் இருக்கையில், தெரிந்தவருக்கு மரம் வெட்ட உதவிக்கொண்டிருந்த ஜான் லீ ஏணியிலிருந்து விழுந்தார். மார்புக்குக் கீழே உடல் செயலிழந்தது. சுனிக்கு அப்போது 16 வயது. போட்டிக்குப் போக மனமில்லை. மருத்துவமனைப் படுக்கையிலிருந்து தந்தைதான் போகச் சொன்னார். சுனி போனார். ஒட்டுமொத்தத் தனிநபர் பிரிவில் சிமோன் பைல்சுக்கு அடுத்து இரண்டாமிடம் பெற்றார். உயரம் மாறுபட்ட இரு கம்பிகளில் செய்யும் பிரிவில் தங்கம் வென்றார்.

அடுத்த ஆண்டு கொரோனாவில் உறவினர் இருவரை இழந்தார். காலில் எலும்பு முறிவும் ஏற்பட்டது. இவற்றைக் கடந்துதான் 2021 ஜூலையில் டோக்கியோ சென்றார். தொற்றுக் காரணமாக வெளிநாட்டுப் பார்வையாளர்களுக்கு அங்கே அனுமதி இல்லை. மினசோட்டாவின் ஓக்டேலில் விடியற்காலையில் நூற்றுக்கணக்கான ஹ்மாங் மக்கள் பெரிய திரை முன் கூடியிருக்க, ஜான் லீ சக்கர நாற்காலியில் அமர்ந்து மகளின் ஆட்டத்தைப் பார்த்தார். ஜூலை 29 அன்று 57.433 புள்ளிகளுடன் சுனி தங்கம் வென்றார். அமெரிக்க ஒலிம்பிக் அணியில் இடம்பெற்ற முதல் ஹ்மாங் வீராங்கனை அவர்.

அன்று வெள்ளி வென்றவர் பிரேசிலின் ரெபேகா ஆந்த்ராதே. 57.298 புள்ளிகள். இருவருக்கும் இடையே 0.135தான் வித்தியாசம். இதை மாணவர்களைக் கொண்டே கழித்துப் பார்க்கச் சொன்னேன். ரெபேகாவின் தாய் எட்டுப் பிள்ளைகளை வளர்த்த, வீட்டு வேலை செய்யும் பெண். மகள் பயிற்சிக்குப் பேருந்தில் போக வேண்டும் என்பதற்காகத் தான் வேலைக்கு நடந்தே போனவர். இதைச் சொல்லிவிட்டுக் கேட்டேன்: "அதிகம் கஷ்டப்பட்ட பெற்றோரோட பிள்ளைதான் ஜெயிக்கணும்னா, அன்னிக்கு யார் ஜெயிச்சிருக்கணும்?"

வகுப்பில் அமைதி. பின் பெஞ்சிலிருந்து ஒருவன், "ரெண்டு பேரும் டீச்சர்" என்றான். இன்னொருத்தி, "அத வச்சு மார்க் போட மாட்டாங்க" என்றாள். அந்தப் பதிலுக்காகத்தான் கேட்டேன். பெற்றோரின் துன்பத்துக்கு ஈடாகப் பதக்கம் கிடைப்பதில்லை. அப்படியொரு கணக்கைப் பிள்ளை மனத்தில் நாம் எழுதிவிட்டால், வெள்ளி வாங்கும் பிள்ளைகூடத் தோற்றதாகவே நினைக்கும். ஐந்தாவதாக வரும் பிள்ளையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இரண்டாம் குடும்பம்: மகள் 'போதும்' என்றபோது

அடுத்த வகுப்பில் இன்னொரு தந்தை. ஆர்தர் லியு சீனாவின் சிச்சுவான் மாகாணத்து மலைக் கிராமமொன்றிலிருந்து வந்தவர். 1989இல் சீனாவில் நடந்த மாணவர் போராட்டத்தில் பங்கேற்றார். போராட்டம் ஒடுக்கப்பட்ட பின் தப்பி அமெரிக்கா சென்றார். அங்கே சட்டம் படித்து வழக்கறிஞரானார். ஐந்து பிள்ளைகளைத் தனியொருவராக வளர்த்தார். மூத்த மகள் அலிசா.

அலிசாவை ஐந்து வயதில் பனிச்சறுக்கு அரங்குக்கு அழைத்துச் சென்றவர் அவர்தான். மகளின் திறமையைக் கண்டபின் பணத்தையும் நேரத்தையும் கணக்குப் பார்க்காமல் செலவழித்தார். பயிற்சி, பயணம், பயிற்சியாளர் தேர்வு அனைத்தையும் தானே கவனித்தார். பலனும் கிடைத்தது. 2019இல் 13 வயதில் அமெரிக்க தேசியப் பட்டத்தை வென்றார் அலிசா. அவ்வளவு இளம் வயதில் அந்தப் பட்டத்தை அதற்கு முன் எவரும் வென்றதில்லை. மறு ஆண்டும் வென்றார். 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஆறாமிடம், அடுத்த மாதமே உலகப் போட்டியில் வெண்கலம்.

2022 ஏப்ரலில், 16 வயதில், விளையாட்டிலிருந்து ஓய்வு பெறுவதாக அறிவித்தார்.

"லூசா டீச்சர் அவங்க?" என்றான் ஒரு மாணவன். "அவங்க அப்பா பாவம்" என்றாள் ஒருத்தி. இந்த இரண்டு பதில்களும் வரும் என்று எதிர்பார்த்திருந்தேன். நம் வீடுகளிலும் பள்ளிகளிலும் இதே சூழலில் முதலில் வரும் பதில்கள் இவைதாம். "ஐந்து வயதிலிருந்து 16 வயது வரை பயிற்சி. ஊர் ஊராகப் பயணம். வீட்டைவிட்டுத் தள்ளியிருந்த நாட்கள். மற்ற பிள்ளைகள் போல ஒரு விடுமுறை இல்லை" என்று பட்டியலிட்டேன். "இந்தப் பட்டியலில் இருப்பது யாருடைய தியாகம்?" என்று கேட்டேன். தியாகம் என்பது பெற்றோர் மட்டும் செய்வதல்ல, பிள்ளையும் செய்கிறது என்பது அப்போதுதான் அவர்களுக்கு உறைத்தது. எனக்கும்தான்.

பனியைவிட்டு விலகிய அலிசா நண்பர்களோடு ஊர் சுற்றினார். எவரெஸ்ட் அடிவார முகாம் வரை நடந்து சென்றார். பல்கலைக்கழகத்தில் சேர்ந்து உளவியல் படித்தார். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்குப் பின், ஒரு விடுமுறையில் மலைச்சரிவில் பனிச்சறுக்கு விளையாடியபோது பழைய உற்சாகம் திரும்பியது. தானாகவே அரங்குக்குப் போய்ப் பார்த்தார். 2024இல் திரும்பி வருவதாக அறிவித்தார். இம்முறை இசை, உடை, பயிற்சியின் அளவு எல்லாம் அவருடைய முடிவு. தந்தை ஒதுங்கி நின்றார். 2025இல் பாஸ்டனில் நடந்த போட்டியில் அலிசா உலகச் சாம்பியன் ஆனார். 2006க்குப் பிறகு அந்தப் பட்டத்தை வென்ற முதல் அமெரிக்கப் பெண் அவர்.

இந்தக் கதையை "தந்தை தவறு, மகள் சரி" என்று முடிக்கக் கூடாது என்பதில் கவனமாக இருந்தேன். ஆர்தர் லியு அரங்குக்கு அழைத்துச் செல்லாமல் இருந்திருந்தால் அலிசாவுக்கு அந்த விளையாட்டே தெரிந்திருக்காது. தொடங்கி வைக்கப் பெற்றோர் வேண்டும். ஆனால் ஒரு கட்டத்தில் முடிவெடுக்கும் உரிமையைப் பிள்ளையிடம் விட வேண்டும். செலவழித்த பணத்தைவிட அது கடினமான விடுதல். "உலகச் சாம்பியன் ஆகாமல் போயிருந்தாலும் அவர் விலகியது சரியா?" என்ற கேள்வியை விடை சொல்லாமலே வகுப்பில் விட்டுவிட்டேன்.

வகுப்பறைச் செயல்பாடுகள்

1. வரைபடப் பயணம் (ஒரு பாடவேளை): உலக வரைபடத்தில் லாவோஸ் – தாய்லாந்து – மினசோட்டா, சிச்சுவான் – கலிபோர்னியா ஆகிய வழிகளை இரு நிற நூல்களால் இணைக்கச் செய்யலாம். ஒவ்வொரு வழிக்கும் தள்ளிய காரணம், ஈர்த்த காரணம், சென்ற இடத்தில் சந்தித்த சிக்கல் என மூன்று குறிப்பு அட்டைகளைக் குழுவாக எழுத வேண்டும். நம் வகுப்பில் உள்ள இடம்பெயர்ந்த பிள்ளைகளை எழுப்பி, "உங்க கதையச் சொல்லு" என்று கேட்க வேண்டாம். அவர்களாகச் சொன்னால் கேட்போம்.

2. பத்து சென்டிமீட்டர் நடை (மைதானத்தில், 30 நிமிடம்): சுண்ணாம்புத் தூளால் ஐந்து மீட்டர் நீளமும் பத்து சென்டிமீட்டர் அகலமும் கொண்ட பட்டை வரைந்து, அதன்மேல் மாணவர்கள் நடந்து, நடுவில் ஒரு முறை திரும்பி, மீண்டும் நடக்க வேண்டும். முதல் முறை அமைதியாக. இரண்டாம் முறை மற்றவர்கள், "வீட்ல எல்லாரும் பாக்கறாங்க, கால் வெளிய போச்சு அவ்வளவுதான்" என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். கோட்டைத் தாண்டி வைத்த அடிகளை இரண்டு முறையும் எண்ணி அட்டவணைப்படுத்தலாம். எங்கள் வகுப்பில் இரண்டாம் முறை அடிகள் தவறியவர்களே அதிகம். அதைப் பற்றி அவர்களே பேசட்டும். கணக்கு ஆசிரியரோடு சேர்ந்து சராசரியும் காணலாம்.

3. வீட்டில் ஒரு கேள்வி: "எனக்காக என்ன கஷ்டப்பட்டீங்க?" என்று கேட்கச் சொல்வது வழக்கம். அதற்குப் பதிலாக, "நான் என்ன செய்யும்போது பாக்க உங்களுக்குப் பிடிக்கும்?" என்று கேட்டு, பதிலை ஒரே வரியில் எழுதி வரச் சொன்னேன். அப்பா, அம்மா என்று மட்டும் குறிப்பிட வேண்டாம். பாட்டி, அக்கா, விடுதிக் காப்பாளர் என்று தன்னைக் கவனித்துக்கொள்ளும் யாரிடமும் கேட்கலாம். எழுதியதை மாணவர் விரும்பினால் மட்டுமே வகுப்பில் வாசிக்க வேண்டும்.

ஆசிரியர்களான நமக்கு

விளையாட்டு விழா மேடையில் ஒரு மாணவரைப் பாராட்டும்போது, 'கூலித் தொழிலாளியின் மகள்' என்றுதான் பெரும்பாலும் தொடங்குகிறோம். அவர் எவ்வளவு நேரத்தில் ஓடினார், எத்தனை மாதம் பயிற்சி செய்தார் என்று தொடங்கலாம். பெற்றோரின் தொழிலை மேடையில் சொல்வதற்கு முன் அந்தப் பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாம்.

இரண்டாவது, பெற்றோரின் தியாகத்தைப் புகழ்வதைவிட, அதன் சுமையில் எதை நாம் குறைக்க முடியும் என்று பார்ப்பது மேல். எங்கள் பள்ளியில் அமர்ந்து பேசியபோது செலவில்லாத சில வழிகள் தென்பட்டன. போட்டி நாட்களைப் பெற்றோருக்கு இரண்டு வாரம் முன்பே தெரிவித்தால் ஷிப்ட் மாற்றிக்கொள்ள முடிகிறது. பெற்றோர் கூட்டத்தை வேலை முடிந்து வரும் நேரத்துக்கு மாற்றினால் கூலி போவதில்லை. மேல்வகுப்பு மாணவருக்குச் சிறியதாகிவிட்ட ஓட்டக் காலணிகளைச் சேர்த்து வைத்தால் அடுத்தவருக்கு ஆகிறது. போட்டிக்குப் போய் வரும் பிள்ளைக்கு விடுபட்ட பாடத்தைத் தனியாகச் சொல்லிக் கொடுத்தால் 'படிப்பு போகிறது' என்ற வீட்டுக் கவலை குறைகிறது.

மூன்றாவது, ஒரு பிள்ளை 'போதும்' என்று சொன்னால் உடனே சோம்பல் என்று முடிவு கட்டாமல் காரணம் கேட்போம். களைப்பாக இருக்கலாம், பயமாக இருக்கலாம், நம் வாயிலிருந்து வந்த ஒரு வாக்கியமாகவும் இருக்கலாம்.

அந்த ஒரு வரி

மூன்றாம் செயல்பாட்டுக்கு அந்த மாணவி எதுவும் எழுதி வரவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. அந்த மாதப் பெற்றோர் கூட்டத்தை மாலை ஏழு மணிக்கு வைத்திருந்தோம். அவளுடைய அப்பா வேலை முடிந்து நேராக வந்தார். சட்டையில் பஞ்சு ஒட்டியிருந்தது. அவருக்குத் தமிழ் அதிகம் வராது, எனக்கு ஒடியா தெரியாது. மகள்தான் இடையில் நின்று மொழிபெயர்த்தாள். "அன்னிக்குப் போட்டிக்கு லீவு போட்டு வந்தீங்களே, சிரமமா இருந்துச்சா?" என்று கேட்டேன்.

அவர் சற்று நீளமாகவே பதில் சொன்னார். அவள் பாதி சொல்லிவிட்டு நிறுத்தினாள். அப்பாவைத் திரும்பிப் பார்த்து ஏதோ கேட்டாள். அவர் தலையசைத்தார். பிறகு மீதியைச் சொன்னாள்: "கூலி நாளைக்கும் கிடைக்குமாம். நான் ஓடறத இதுவரைக்கும் பாத்ததே இல்லையாம். பாக்கணும்னுதான் வந்தாராம், டீச்சர்."

நானும் அவளும் இழப்பு என்று எண்ணிக்கொண்டிருந்த அந்த அரை ஷிப்ட், அவருக்கு ஆசையாக இருந்திருக்கிறது. இருவருமே அவரிடம் கேட்காமல் விட்டிருந்தோம்.

இரண்டு வாரம் கழித்து அவள் மைதானத்துக்கு வந்தாள். இப்போது ஒன்பதாம் வகுப்பு. வாரத்தில் மூன்று நாள் ஓடுகிறாள். மற்ற நாட்களில் தோழிகளோடு கோகோ ஆடுகிறாள். இந்த ஆண்டு குறுவட்டப் போட்டியில் 800 மீட்டரில் மூன்றாவதாக வந்தாள். ஓட்டத்துக்கு முன் அவளிடம் போனேன். "தண்ணி குடிச்சியா கண்ணு?" என்று மட்டும் கேட்டுவிட்டு வந்தேன்.